டிக்னாவுக்கு வந்த காடு

டிக்னா வெயிலுக்காகத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். அதை அவள் யாரிடமும் ஒளிக்கவில்லை. மாப்பிள்ளையிடமே சொல்லியிருந்தாள்.

இன்டாக் மலைச்சரிவில் அவர்கள் வீடு இருந்த உயரத்தில் காலையில் கொஞ்ச நேரம் வெயில் இருக்கும். மதியத்துக்குள் கடல் பக்கமிருந்து மேகம் ஏறி வந்துவிடும். முற்றம், மாட்டுக்கொட்டில், துணிக்கொடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மறையும். போன ஞாயிறு கோயிலுக்குப் போட்டுப்போன செருப்பை இந்த ஞாயிறு எடுத்தால் உள்ளே பூசணம் பூத்திருக்கும். உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்ளும். தீப்பெட்டியை அடுப்பு மேட்டிலேயே வைத்திருக்க வேண்டும். துணி உலரவே உலராது. ஈரம் போய்விட்டது என்று நாமாக முடிவு செய்து உடுத்திக்கொள்வதுதான். முப்பத்து நாலு வயதில் டிக்னாவுக்கு முழங்கால் வலித்தது. இருமல் ஆறுமாதம் போகும், ஆறுமாதம் வரும்.

சனிக்கிழமைகளில் அவள் இபார்ரா சந்தைக்குப் பாலாடைக்கட்டி கொண்டுபோய் விற்பாள். அங்கேதான் எர்மெலைப் பார்த்தாள். தெற்கே, பெரு எல்லையை ஒட்டிய சப்போத்தியோ ஊர்க்காரன். ஆடு வளர்ப்பவன், கிணறு வெட்டுபவன். ஊரில் மூன்று வருஷமாக மழை பொய்த்துப்போக, இபார்ராவில் கட்டட வேலைக்கு வந்திருந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளிடம் ஒரு முழுக் கட்டி வாங்குவான். ஒற்றை ஆள் இவ்வளவையும் எப்படித் தின்கிறான் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறான் என்று.

"உங்க ஊர்ல வெயில் எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கல்லு மேல துணியைப் போட்டுட்டுத் திரும்பினா காஞ்சிருக்கும்," என்றான் எர்மெல்.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

அம்மா இறந்தபோது நிலம் இரண்டு பங்காயிற்று. கீழே இருந்த மேய்ச்சல் நிலமும் வீடும் அண்ணன் பொலிபியோவுக்கு. மேலே இருந்த செங்குத்தான காடு டிக்னாவுக்கு. மாடு ஏறாத, ஏர் போகாத நிலம் என்று பெண்ணுக்கு ஒதுக்கினார்கள். "நீ தெக்கே போனதும் மேல இருக்கறதை நான் வெட்டி நரன்ஹீயா போட்டுக்கட்டுமா?" என்று பொலிபியோ கேட்டான். சாறு பிழியும் அந்தப் புளிப்புப் பழத்துக்குப் புதிதாக வெட்டிய காட்டு மண்தான் பிடிக்கும். டிக்னா மாவைப் பிசைந்துகொண்டே தலையாட்டினாள். சிறுமியாக இருந்தபோது விறகுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவள் வேலியைத் தாண்டியதில்லை. காடு என்றால் அவளுக்குச் சேறு, முள், மேகம் கிளம்புகிற இடம். போகட்டும்.

ஜூலை மாதத்தில் எர்மெல் பெண் கேட்க வந்தான். பால் வண்டியிலிருந்து இறங்கியபோது தலையில் வைக்கோல் தொப்பி, கையில் உப்புக்கண்டம் போட்ட ஆட்டுக்கறியும் ஒரு புட்டித் தேனும். பொலிபியோ அவனைக் கட்டித் தழுவினான். அவன் மனைவி சொய்லா அவித்த மக்காச்சோளமும் வறுத்த பன்றிக்கறியும் எடுத்துவைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேகம் முற்றத்துக்குள் வந்தது. எர்மெல் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். முற்றத்தின் நடுவில் தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

"மாப்ளே, வாயை மூடுங்க," என்று பொலிபியோ உள்ளிருந்து சத்தம் கொடுத்தான். "மேகம் உள்ள போயிருச்சுன்னா அப்புறம் மூணு நாளைக்கு வயித்துக்குள்ள இடி இடிக்கும்."

எர்மெல் திரும்பி வந்தபோது அவன் புருவத்தில் துளிகள் நின்றன. அவன் அதைத் துடைக்கவில்லை. டிக்னா அதைப் பார்த்தாள். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பொலிபியோ மாப்பிள்ளைக்கு மேல் நிலத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனான். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகப் பேச்சு. பொழுது சாயத்தான் வந்தார்கள். பொலிபியோ பசியில் முகம் சுருங்கியிருந்தான். எர்மெல் இடுப்பு வரை சேறு. தொப்பி நிறையப் பச்சைப் பாசி.

"இந்த மனுஷனோட போனது என் தப்பு," என்றான் பொலிபியோ, பூட்ஸை உதறிக்கொண்டே. "ஒரு மரத்துக்குக் கீழ நிக்க வெச்சாரு. நான் ஏதோ பாம்பு பாத்துட்டாருன்னு மூச்சே விடாம நிக்கறேன். 'கேளுங்க மச்சான், மழை இல்ல, ஆனா மரம் பெய்யுது'ங்கறாரு. நாப்பது வருஷமா பெய்யுது மாப்ளே, அதனாலதான் என் எலும்பெல்லாம் வலிக்குதுன்னேன். காதுல வாங்கினாத்தானே."

எர்மெல் சமையலறைக்கு வந்து ஒரு கிண்ணம் கேட்டான். சொய்லா கொடுத்தாள். தொப்பியிலிருந்து ஒரு கைப்பிடிப் பாசியை எடுத்துப் பிழிந்தான். கிண்ணம் பாதி நிறைந்தது. இன்னொரு பிடி. கிண்ணம் வழிந்தது.

"இது ஒரு கிளையில ஒரு முழம்," என்றான். "நான் ஊரை விட்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு கிணறு வெட்டினேன். முப்பத்தெட்டு மீட்டர். அடியில ஈரமண்ணு வந்ததும் மேல நின்னவங்க எல்லாம் சிலுவை போட்டுக்கிட்டாங்க. தண்ணி வரல, ஈரம்தான் வந்தது. இங்க மரத்து மேல கிணறு தொங்குது."

"மாப்ளைக்குப் பொண்ணைப் பிடிச்சுதோ இல்லையோ, பொண்ணு வீட்டுப் பாசி பிடிச்சுப்போச்சு," என்றான் பொலிபியோ.

எல்லோரும் சிரித்தார்கள். எர்மெலும் சிரித்தான். பிறகு, ஏதோ கரண்டி எடுத்துக் கொடுங்கள் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னான்: "நான் டிக்னாவைக் கூட்டிட்டுப் போகல. நான் இங்க வந்துடறேன். மேல இருக்கற நிலம் போதும் எங்களுக்கு."

பொலிபியோவின் சிரிப்பு நின்றது. டிக்னா ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எர்மெல் துணிக்கொடிப் பக்கம் வந்தபோது அவள் திரும்பவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும்.

"உனக்கு மூளை நனைஞ்சு போச்சா? நான் எதுக்கு உன்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னேனா இல்லையா?"

"வெயிலுக்குன்னு சொன்னீங்க."

"அப்போ என்ன பேச்சு இது? இந்தச் சட்டையைத் தொட்டுப் பாரு. செவ்வாக்கிழமை துவைச்சது. இன்னிக்கு வெள்ளி. எங்கம்மா இந்த ஈரத்துலதான் இருமி இருமிச் செத்தா. ஒரு தடவையாவது காஞ்ச படுக்கையில படுக்கணும்னு எனக்கு இருக்காதா? ரெண்டு நாள் வந்து பாக்கறவனுக்கு எல்லாம் அழகாத்தான் இருக்கும்."

எர்மெல் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். அவள் சொன்னதில் பொய் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"எங்க ஊர்ல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆடுங்க அட்டைப்பெட்டியைத் தின்னுச்சு," என்றான் மெதுவாக. "பசங்க பள்ளிக்கூடம் போகாம தண்ணி லாரிக்கு வரிசையில நின்னாங்க. வெயில் நல்லாத்தான் இருக்கும், டிக்னா. அது மட்டுமே இருந்தா நல்லா இருக்காது. நாளைக்குக் காலையில என்கூட ஒருதடவை மேல வாங்க. வந்துட்டு, அப்பவும் சப்போத்தியோதான்னா, திங்கக்கிழமையே கிளம்பிடலாம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவள் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. மிக மோசமான பாதையில் கூட்டிக்கொண்டு போய், காஞ்சொறியில் உரசவைத்து, தொடைவரை சேற்றில் இறக்கி, அந்த மயக்கத்தைத் தெளிவித்துவிடலாம் என்று நினைத்தாள்.

விடிவதற்குள் கிளம்பினார்கள். வேலியைத் தாண்டியதும் அவளே முன்னால் நடந்தாள். நினைத்தபடியே சேறு இருந்தது. ஆனால் முதலில் விழுந்தது அவள்தான். எர்மெல் கைகொடுத்தான், சிரிக்கவில்லை. மரங்கள் இருட்டில் தடித்துத் தெரிந்தன. ஒவ்வொரு மரமும் கம்பளி போர்த்தியதுபோலப் பாசி போர்த்தியிருந்தது. எங்கோ மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டே இருந்தது.

சரிவின் பாதியில் டிக்னா சட்டென்று நின்றாள்.

"அண்ணி பன்னிங்களை அவுத்து விட்டுட்டாங்களா?"

முன்னால் ஓடைப் பள்ளத்திலிருந்து உறுமலும் கிறீச்சிடலும் கேட்டன. ஒன்று கத்த, பத்து பதில் சொன்னது. பன்றிகள் இவ்வளவு தூரம் வந்துவிட்டனவே என்று அவள் பதறிக்கொண்டு புதரை விலக்கினாள். எர்மெல் அவள் தோளைத் தொட்டு மேலே காட்டினான்.

சத்தம் மரக்கிளைகளிலிருந்து வந்தது. வெளுக்கத் தொடங்கிய வெளிச்சத்தில் முதலில் ஒரு சிவப்பு தெரிந்தது. பிறகு இன்னொன்று. கண் பழகப் பழக, கொடிகள் தொங்கும் கிளைகளில் எல்லாம் பறவைகள். சேவல் அளவு, ரத்தச் சிவப்பு, அலகையே மறைக்கும்படி விசிறிபோல எழுந்த கொண்டை, கரிய இறக்கை. பாறைச் சேவல் என்று ஊரில் பேர் மட்டும் தெரியும். அவை இரண்டிரண்டாக எதிரெதிரே உட்கார்ந்து, ஒன்றையொன்று குனிந்து வணங்கி, எழும்பிக் குதித்து, மறுபடி குனிந்தன. தொண்டை கிழியக் கத்தின. தன் வீட்டுக்கு மேலே, தான் மாவு பிசைந்த ஒவ்வொரு காலையிலும் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது என்பது டிக்னாவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டை வந்து ஓரக் கிளையில் உட்கார்ந்தது. அவ்வளவுதான், சேவல்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பெட்டை எதையும் கண்டுகொள்ளாமல் இறகைக் கோதிக்கொண்டது.

"எவ்வளவு அலட்டறானுங்க," என்று டிக்னா கிசுகிசுத்தாள். "அவ பாட்டுக்கு உக்காந்திருக்கா பாருங்க."

"எனக்குப் பழக்கந்தான்," என்றான் எர்மெல். "ஒரு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து நின்னிருக்கேனே."

"நீங்க கத்தலயே. பாலாடைக்கட்டி வாங்கினீங்க."

வெளிச்சம் நன்றாக வந்ததும் சேவல்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. டிக்னாவுக்கு எழுந்திருக்க மனமில்லை. குதிகாலில் உட்கார்ந்திருந்ததில் முழங்கால் வலித்தது. அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதற்குமேல் அவன் முன்னால் நடந்தான். சாய்ந்து கிடந்த ஒரு பெருமரத்தின் கிளை கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அந்த ஒரு கிளையிலேயே ஒரு தோட்டம் இருந்தது: பாசி, அதன்மேல் பெரணி, பெரணிக்கு இடையில் அரிசி அளவுப் பூ விட்ட ஆர்க்கிட், அன்னாசியைப் போல இலைகளைச் சுற்றி அடுக்கி உட்கார்ந்திருந்த செடிகள். எர்மெல் அவள் விரலைப் பிடித்து அந்த இலைக் கிண்ணத்துக்குள் விட்டான். உள்ளே குளிர்ந்த தண்ணீர். ஏதோ அசைந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சிறுவிரல் நகத்தளவு தவளை ஒன்று, கண்ணை உருட்டி அவளைப் பார்த்தது.

"தரையையே பாக்காம பொழைக்குது போல," என்றான் எர்மெல். "கீழ மண்ணு எதுக்கு? மேகம் வீட்டுக்கே தண்ணி கொண்டாந்து ஊத்துது."

"அதுக்குத் துணி காய வேண்டியதில்ல," என்றாள் டிக்னா. ஆனால் அவள் குரலில் காரம் இல்லை. அடுத்த செடியையும் எட்டிப் பார்த்தாள். அதற்கடுத்ததையும். பச்சைத் தீப்பொறிபோல ஒரு ரீங்காரச்சிட்டு அவள் காதருகே வந்து நின்று, சிவப்புச் சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிற்று. ஓடைக்கு மேலே நீண்டிருந்த இலையின் அடியில் கண்ணாடி மணிகளைப்போல முட்டைத் திரள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் அதைக் காத்துக்கொண்டு, வயிற்றுக்குள் இருப்பது தெரியுமளவு தெளிந்த உடம்போடு ஒரு தவளை. குஞ்சு வெளிவந்தால் நேரே ஓடைக்குள் விழும். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று அவள் வாய்விட்டுக் கேட்டாள். எர்மெலுக்கும் தெரியவில்லை.

ஓடையை ஒட்டியே மேலே ஏறினார்கள். ஏற ஏற வெளிச்சம் அதிகமாகிக்கொண்டே வந்தது. காட்டுக்குள் இவ்வளவு வெளிச்சம் எப்படி என்று டிக்னா நினைத்த நேரத்தில் மரங்கள் முடிந்துபோயின.

வெட்டவெளி. ஒரு பெரிய மேய்ச்சல் துண்டு அளவுக்கு. மரங்கள் வெட்டப்பட்டு ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடிமரத்துப் பால் இன்னும் முழுசாக உலரவில்லை. நடுவில் பொலிபியோவின் ரம்பத்து எண்ணெய் டப்பா கவிழ்ந்து கிடந்தது.

டிக்னா உள்ளே நடந்துபோனாள். வெயில் அவள் முதுகில் விழுந்தது. நல்ல வெயில், எலும்பு வரை இறங்குகிற வெயில். அவள் கனவில் கேட்ட வெயில். உடம்பு அதை விரும்பியது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். விழுந்த கிளைகளின் பாசி பழுப்பாகிச் சருகாக உதிர்ந்துகொண்டிருந்தது. தொட்டபோது தூளாயிற்று. இலைக் கிண்ணங்கள் கவிழ்ந்து வறண்டிருந்தன. ஒரு ஆர்க்கிட் மட்டும், தான் நிற்கும் மரம் விழுந்துவிட்டது தெரியாததுபோல, இன்னும் பூத்திருந்தது. ஓடை அங்கே சேற்றுக் கோடாக மெலிந்திருந்தது. ஓரத்து இலையொன்றின் அடியில் முட்டைத் திரள். காய்ந்து, இலையோடு ஒட்டிப் பொருக்காகியிருந்தது.

"நேத்தே உங்களுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"உங்க அண்ணனைப் பத்தி வந்த மறுநாளே நான் குத்தம் சொன்னா நல்லா இருக்குமா? நீங்களே பாக்கணும்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கணும்," என்றாள் டிக்னா. "என் நிலத்துல நடக்கறதை என்கிட்டச் சொல்றதுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு?"

என் நிலம் என்று சொன்னது அவளுக்கே புதிதாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது பொலிபியோ கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தான். அவள் சேற்றுக் காலோடு போய் எதிரே நின்றாள்.

"நான் இன்னும் ஊரை விட்டே போகல. அதுக்குள்ள வெட்டிட்டியா அண்ணா?"

பொலிபியோ கறப்பதை நிறுத்தவில்லை. "நீதானே சரின்ன."

"போனப்புறம்னுதான் சொன்னேன்."

"மழைக்கு முன்னாடி நாத்து வைக்கணும்ல? மூணு பிள்ளைங்க எனக்கு. கீழ இருக்கற மண்ணு செத்துப்போச்சு. மூணு வருஷம் நரன்ஹீயா போட்டா எந்த மண்ணும் சாகும், தெரிஞ்சதுதானே. வேற எங்க போவேன்? நீயா வந்து அந்தக் காட்டைக் கட்டிக் காப்பாத்தப் போற? நேத்து வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."

அது உண்மை. டிக்னாவுக்குச் சுருக்கென்றது. "பாக்கல," என்றாள். "இன்னிக்குப் பாத்தேன். இனிமே ஒரு மரம் விழக்கூடாது."

"அப்போ என் பிள்ளைங்க பாசியைத் தின்னட்டும்."

அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சொய்லா வாளியோடு வந்தாள். "பத்து நாளா மேல ஓடையிலருந்து வர்ற குழாய்ல தண்ணி நூல் மாதிரி வருதுன்னு சொல்லிட்டிருக்கேன்ல?" என்று கணவனிடம் கேட்டாள். "எலி கடிச்சிருக்கும்னீங்க. எலியோட பேரு பொலிபியோன்னு சொல்லல."

பொலிபியோவின் காது சிவந்தது. பாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று நாள் அந்த வீட்டில் 'உப்பைக் கொடு', 'கதவைச் சாத்து' என்பதற்குமேல் பேச்சில்லை. நாலாம் நாள் எர்மெல்தான் பேச்சை எடுத்தான். வெட்டினது வெட்டினதுதான், அந்தத் துண்டில் மச்சான் இரண்டு அறுப்பு எடுத்துக்கொள்ளட்டும். அதற்கப்புறம் அது காட்டுக்கே. செத்துப்போன கீழ் மண்ணுக்குத் தான் எரு போட்டுக் காட்டுவதாகச் சொன்னான். ஆட்டு எருவில் கல்லுக்கே உயிர் கொடுத்த ஊர் தன்னுடையது. பொலிபியோ நகத்தைப் பார்த்துக்கொண்டே, "எரு நீங்க சுமக்கறதா இருந்தா சரி மாப்ளே," என்றான்.

ஆகஸ்டில் கல்யாணம். மேலேயே இருக்க டிக்னா சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு: கல்யாணம் ஆனதும் முதலில் சப்போத்தியோவைப் பார்த்தாக வேண்டும். போனார்கள். இரண்டு மாதம் அங்கே இருந்தாள். இலவ மரங்கள் இலையில்லாமல் நின்ற அந்தச் செம்மண் வெளியில் மதியம் முழுக்கச் சுவரோரம் உட்கார்ந்து வெயில் காய்ந்தாள். இருமல் நின்றுபோயிற்று. மாமியார் தண்ணீரைக் குவளையால் அளந்து ஊற்றுவதை முதல் வாரம் கஞ்சத்தனம் என்று நினைத்தாள். இரண்டாவது வாரம் தானும் அப்படியே ஊற்றினாள். கிளம்பும் நாள் அவளுக்கு அழுகை வந்தது. வருஷா வருஷம் இரண்டு மாதம் அங்கே வந்து இருப்பதென்று எர்மெலிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏறினாள்.

வேலிக்குப் பக்கத்தில் புது வீடு எழுந்தது. எர்மெல் அடுப்புக்கு மேலே துணி உலர்த்த ஒரு பரண் கட்டிக் கொடுத்தான். துணியில் புகைநாற்றம் அடித்தது. அதற்கும் அவள் திட்டினாள். பூசணத்தைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் வாரத்தில் இரண்டு மூன்று விடியலில் அவளே அவனை எழுப்பி மேலே கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொருமுறையும் எதையாவது பார்த்தாள். பொலிபியோ வெட்டின துண்டில், அறுப்பு முடிந்தபின், வெள்ளி முதுகு இலைகளோடு கன்றுகள் ஆளுயரம் எழுந்திருந்தன. அண்ணனே ஒருநாள் தானாக வந்து அதைச் சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் வருஷம் காட்டு வெண்ணெய்ப்பழம் பழுத்த மாதத்தில் இருவரும் சரிவின் உச்சி வரை போயிருந்தார்கள். மேலிருந்து பழக்கொட்டை ஒன்று டிக்னாவின் தோளில் விழுந்தது. குரங்கென்று நினைத்து நிமிர்ந்தாள். உயரக் கிளைகளை ஒடித்து முறித்துத் தனக்குக் கட்டில்போலப் போட்டுக்கொண்டு, ஒரு கரடி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கன்னங்கரிய உடம்பு, கண்ணைச் சுற்றி வெளிர்மஞ்சள் வளையம். கிளையை வளைத்து வாயருகே கொண்டுவந்து, பழம் பழமாகப் பறித்துத் தின்றது. அதன் மடியில் இன்னொரு சின்ன முகம் எழுந்து கீழே பார்த்தது.

தாய்க் கரடியும் பார்த்தது. மென்றுகொண்டே பார்த்தது. பிறகு, இவர்களால் ஒன்றுமில்லை என்று முடிவு செய்ததுபோல அடுத்த கிளைக்குக் கையை நீட்டியது.

எர்மெல் அவள் முழங்கையைத் தொட்டான். "மேகம் ஏறுது. இறங்கிடலாமா? நனைஞ்சிருவ."

"இருங்க," என்றாள் டிக்னா, கண்ணை எடுக்காமல். "அது சாப்பிட்டு முடிக்கட்டும்."